மூன்றாவது துண்டு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் நித்யா வேலையிலிருந்து வந்தவள், கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக்கூடக் கழற்றாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு ஒரு பொண்ணு என்ன ஏமாத்தப் பாத்தாம்மா.”

“இன்னா பண்ணா?”

“மெஷின் ஊசிய ஒடச்சிட்டா. மூணு துண்டு. கொண்டாந்து ஒட்டியும் குடுத்துட்டா. ஆனா மூணாவது துண்டு அவ ஊசியோடது இல்ல. வேற ஊசியோட முனைய ஒடச்சி எடுத்துனு வந்திருக்கிறா. லென்ஸ் வெச்சிப் பாத்தேன், நல்லாத் தெரியுது.”

தோசைத் திருப்பி என் கையிலேயே இருந்தது. தோசையைத் திருப்பத்தான் மறந்துபோனேன். கருகிய வாசனை வந்து, நித்யா எழுந்து அடுப்பை அணைத்தாள்.

“இன்னாம்மா ஆச்சு? மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போச்சு.”

“ஒன்னுமில்ல. வெயில்ல போய்ட்டு வந்தேன்,” என்றேன். அன்றைக்கு நான் வாசல்படியைத் தாண்டியிருக்கவில்லை.

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக ஒரு விளக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன். தோல் துண்டுகளைச் சேர்த்து ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது என் வேலை. கடைசிப் பன்னிரண்டு வருஷம் சூப்பர்வைசர். நித்யா இப்போது ராணிப்பேட்டைப் பக்கம் இன்னொரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள்.

எங்கள் தொழிலில் ஊசி உடைந்தால் அது சாமி குத்தம் மாதிரி. மெஷினை உடனே நிறுத்த வேண்டும். உடைந்த துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு ஊசி ரூமுக்குப் போக வேண்டும். அங்கே துண்டுகளை ஒரு தாளில் முழு ஊசியாகச் சேர்த்து டேப் போட்டு ஒட்டுவார்கள். முழுசாக இருந்தால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த லைனே நிற்கும், தைத்தது எதுவும் நகராது. காணாமல் போன துண்டு ஷூவுக்குள் இருந்தால், என்றைக்காவது யாரோ ஒருவர் காலில் அது ஏறும். அதற்காகத்தான் இத்தனை கட்டுப்பாடு.

பயந்தாங்கொள்ளியின் புது ஊர்

குடியாத்தத்தை விட்டு வேலூருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. சத்துவாச்சாரியில் மாடி வீடு. நித்யாவின் கம்பெனி பஸ் பக்கத்திலேயே நிற்கும் என்பதால் இங்கே குடிவந்தோம்.

வந்த நாளிலிருந்து நான் எதற்கெல்லாம் பயந்தேன் என்று எழுத ஆரம்பித்தால் இந்தப் பத்திரிகையின் பக்கங்கள் போதாது. சர்வீஸ் ரோட்டைத் தாண்டப் பயம். அழைப்பு மணி அடித்தால் பயம். கீழ் வீட்டுக்காரர் சிரிக்காமல் போனால் பயம், சிரித்தால் அதைவிடப் பயம். என் வீட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. முப்பது வருஷம் லுங்கி பவர்லூமில் நின்றதில் காது இரண்டும் போய்விட்டது. மணி காதில் விழுந்தால்தானே அவர் பயப்படுவதற்கு?

வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். ‘முதல் சம்பளம், கல்யாணம், குழந்தை, பதவி உயர்வு, சொந்த வீடு, மகளின் பட்டம், இப்போது நகரத்து வாழ்க்கை என்று எல்லாம் நல்லபடியாக நடந்ததாகத்தான் எழுதுகிறீர்கள். பிறகு ஏன் ஒவ்வொரு வாரமும் யாரோ துரத்துவதைப் போலவே முடிக்கிறீர்கள்?’

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன். பகல் பதினொரு மணி. அந்த அம்மாவுக்கு இன்றைக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

சிவப்பு ஷூ

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குடியாத்தத்திலிருந்து காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் ஆம்பூர். எங்கள் வீட்டில் எல்லோரும் தறிக்காரர்கள். ஷூ கம்பெனிக்குப் போன முதல் பெண் நான்தான். ‘தோல் வேலைக்கா போறா?’ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டவர்கள் உண்டு. அவர்கள் முன்னால் தோற்றுத் திரும்பக்கூடாது என்கிற வீம்பு எனக்கு நிறைய இருந்தது.

ஆறு மாதம் டெம்பரவரி. அதைத் தாண்டிவிட்டால் பர்மனென்ட். எனக்கு ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அதே சமயம் வயிற்றிலும் மூன்று மாதம். பர்மனென்ட் ஆவதற்கு முன்னால் வயிற்றுப்பிள்ளைக்காரி என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் வாந்தியை அடக்கிக்கொண்டு தைத்தேன். வாயில் எந்நேரமும் ஒரு காய்ந்த நெல்லிக்காய் கிடக்கும்.

அன்றைக்கு எங்கள் லைனில் குழந்தை ஷூ ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புத் தோல், என் உள்ளங்கையைவிடச் சின்னது. நடக்கப் பழகும் பிள்ளைகள் போடுவது. பன்னிரண்டு ஜோடி ஒரு கட்டு. காலையிலிருந்து ஆறு கட்டு முடித்து, ஏழாவதில் இருந்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. ஒரு நொடி கை தோலை இழுத்துவிட்டது. ‘டக்’ என்று ஊசி உடைந்தது.

இரண்டு துண்டு கிடைத்தது. முனை மட்டும் கிடைக்கவில்லை. அரிசி நொய் அளவுதான் இருக்கும். மடியை உதறினேன். மெஷினுக்கு அடியில் தடவினேன். அந்தக் கட்டிலிருந்த ஷூக்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தேன். தோலுக்கும் உள்பக்கத்து லைனிங்குக்கும் நடுவே போயிருந்தால் விரலுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பன்னிரண்டு ஜோடியைத் தனியே எடுத்து வைத்து, ‘அக்கா, முனை கிடைக்கல’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் சொன்னால் லைன் நிற்கும். சூப்பர்வைசர் வந்து எல்லார் முன்னாலும் கேட்பார். அவர் கேட்கிற கேள்வியில் வயிற்று விஷயமும் வெளியே வரும்.

என் டிபன் பையில் ஒரு மழுங்கின ஊசி இருந்தது. பழைய ஊசியை வெளியே எடுத்துப் போகக்கூடாது. வீட்டில் தையல் பிரிக்க உதவும் என்று வைத்திருந்தேன். அதைக் கழிவறையில் குறடால் உடைத்து முனையை எடுத்தேன். மூன்று துண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஊசி ரூமுக்குப் போனேன்.

ஊசி ரூமில் ஷகிலாக்கா இருந்தார். நல்ல மனுஷி.

“மூணும் இருக்குதா, சாந்தி?”

“இருக்குதுக்கா.”

அவர் துண்டுகளை வரிசையாக வைத்து டேப்பை ஒட்டினார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். “இன்னாம்மா, வேர்த்து ஊத்துது? ஒடம்பு பேஜாரா இருக்குதா? தண்ணி ஜாஸ்தி குடி.” புது ஊசியை என் கையில் வைத்து, கையை ஒருமுறை அழுத்திவிட்டு அனுப்பினார். அவர் திட்டியிருந்தால் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு பல தடவை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய். சொல்லியிருக்க மாட்டேன்.

ஏழாவது கட்டு அடுத்த டேபிளுக்குப் போனது. சாயங்காலம் மற்ற கட்டுகளோடு சேர்ந்து கீழ்த் தளத்துக்கு இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நல்லபடியாக நடந்தவை

அந்த மாதம் எங்கள் லைன் ஒரு நாள்கூட நிற்கவில்லை என்று எல்லாருக்கும் எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அடுத்த மாதம் பர்மனென்ட் ஆனேன்.

நித்யா பிறந்தபோது நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். எல்லோரும் குழந்தையின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் துணியை விலக்கி உள்ளங்காலைப் பார்த்தேன். இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன். ‘கால்ல இன்னாம்மா தேட்றே, வெரல் எல்லாம் சரியாத்தான் இருக்குது’ என்று நர்ஸ் சிரித்தார்.

பிறகு சூப்பர்வைசர் ஆனேன். என் லைனில் ஊசி உடைந்தால் நான் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். துண்டு கிடைக்கும்வரை ஒருத்தரையும் எழுந்திருக்க விடமாட்டேன். மேஸ்திரி, மேனேஜர் யார் சொன்னாலும் கேட்கமாட்டேன். பெண்கள் எனக்கு ‘ஊசியக்கா’ என்று பெயர் வைத்தார்கள். முதலாளி அந்தப் பெயரை மேடையிலேயே சொல்லிப் பாராட்டினார். நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நித்யா பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அவள் ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவித்தான் மாட்டிவிடுவேன். பத்தாவது படிக்கும்போது, ‘பசங்க சிரிக்கிறாங்கம்மா’ என்று பிடுங்கிக்கொண்டாள். அப்புறம் அவள் குளிக்கும் நேரத்தில் துழாவினேன்.

ஒரே ஒரு தடவை இதை ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். சொந்த வீடு கட்டி முடித்ததும் சோளிங்கர் மலைக்குப் போனோம். பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, முனை, ஏழாவது கட்டு, எல்லாமும். சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன். அவர் என் முதுகைத் தட்டி, “ஆவட்டும் வுடு, எறங்கும்போது வாங்கிக்கலாம்,” என்றார். கடையில் ஏதோ கேட்டு அழுகிறேன் என்று நினைத்திருக்கிறார். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. இறங்கும்போது ஒரு பிளாஸ்டிக் கூடை வாங்கித் தந்தார்.

இத்தனை வருஷமும் என்னைக் காப்பாற்றியது ஒரே ஒரு எண்ணம்தான். அந்த முனை கீழேதான் விழுந்திருக்கும். சாயங்காலம் பெருக்குகிறவள் குப்பையோடு அள்ளிப் போட்டிருப்பாள். எந்த ஷூவிலும் இருந்திருக்காது. பயம் வரும்போதெல்லாம் இதை எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சில நாள் நம்பவும் செய்தேன்.

சர்வீஸ் ரோடு

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புகிறேன். கருகிய தோசையை எடுத்துப் போட்டுவிட்டு வேறு வார்த்தேன். நித்யா பேசிக்கொண்டே சாப்பிட்டாள்.

“கொழந்தைங்க ஷூம்மா. நாளைக்கு மத்தியானம் வண்டி ஏறுது. ஊசி கண்டுபுடிக்கிற மெஷின்லயும் இப்ப விட முடியாது. இரும்பு பக்கிள் வெச்சாச்சு, எல்லாத்துக்கும் கத்தும். ஆயிரக்கணக்குல இருக்குது, கையால எத்தனையப் பிரிக்கிறது? அவளோ, ‘என் ஊசிதான் மேடம்’னு சத்தியம் பண்றா. போலீஸ்ல சொல்லுவோம்னு கூட மெரட்டிப் பாத்தாங்க. அழுவுறாளே தவிர வாயத் தொறக்கல. துண்டுதான் மூணு இருக்குதே, அனுப்பிடலாம்ன்றாரு மேனேஜர்.”

“அந்தப் பொண்ணுக்கு இன்னா வயசு?”

“இருவது இருக்கும். பேரணாம்பட்டுப் பக்கம். அவ வேலைய காலி பண்ணாம வுடமாட்டேன். சின்னக் கொழந்த போட்றதும்மா. எப்டி மனசு வருது இவங்களுக்கெல்லாம்? மனுஷங்களா இவங்க?”

நான் சட்னியைத் திரும்பவும் அவள் தட்டில் ஊற்றினேன். போதும் போதும் என்று அவள் கையால் மறித்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

என் மகள் என்னை ஊசியக்கா என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த அன்று கூட இருந்தவர்களிடம், ‘எங்கம்மா லைன்ல ஒரு துண்டு போனதில்ல’ என்று பெருமையடித்தவள். இந்த ஊரில் எனக்கு அவளைத் தவிர யாரும் இல்லை. அவள் பார்வை மாறிவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன்? அதே நேரம், நாளை மத்தியானம் வண்டி ஏறிவிடும். யாருடைய பிள்ளையோ, எந்த ஊரோ. விடிகிற வரை இந்த இரண்டு பயமும் என்னை மாற்றி மாற்றி அடித்தன.

காலையில் நித்யா படியிறங்கியதும் நானும் பின்னாலேயே போனேன். சர்வீஸ் ரோட்டைத் தனியாகத் தாண்டினேன். எப்படித் தாண்டினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. என்னைப் பார்த்ததும் அவள் திடுக்கிட்டாள்.

“இன்னாம்மா? அப்பாவுக்கு எதனா…?”

“அவரு நல்லாத்தான் இருக்கிறாரு. நித்யா, அந்தப் பொண்ண பயமுறுத்தாத. வேல போவாம பாத்துக்கறேன்னு மொதல்ல சொல்லு. தனியா கூப்ட்டு, எந்தக் கட்டுன்னு மட்டும் கேளு. அவளுக்குத் தெரியும்.”

“அவளுக்கு எப்டிம்மா தெரியும்? தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டா?”

“தெரியும்டி. ஒடஞ்சப்போ கையில எந்தக் கட்டு இருந்துதுன்னு சாவற வரைக்கும் மறக்காது.”

“உனக்கு எப்டித் தெரியும்?”

ஹைவேயில் லாரிகள் வரிசையாகப் போயின. நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. ‘இன்னாது?’ என்று காதைக் கிட்டே கொண்டுவந்தாள். ஒருமுறை சொல்வதற்கே என் உயிர் போய்விட்டது. இரண்டாவது தடவை கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“நானும் ஒடச்சேன்! நானும் முனையத் தொலைச்சிட்டு வேற முனைய வெச்சி ஒட்டினேன்! கொழந்த ஷூ!”

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். கம்பெனி பஸ் வந்து நின்றது. நித்யா என்னையே பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு ஏறிவிட்டாள். தினமும் ஜன்னலிலிருந்து மாடியைப் பார்த்துக் கை காட்டுவாள். அன்றைக்கு நான் கீழேயே நின்றிருந்தும் அவள் திரும்பவில்லை.

அன்று முழுக்க நான் உலை வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் கடையில் இட்லி வாங்கி வந்து சாப்பிட்டார். மத்தியானம் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். வண்டி ஏறியிருக்குமா? அவள் கேட்டிருப்பாளா? இல்லை, இப்படி ஒரு தாய்க்குப் பிறந்தோமே என்று எங்காவது உட்கார்ந்திருக்கிறாளா? கீழே கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன்.

பதில்

ஆறரை மணிக்கு வந்தாள். கால் கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“கெடச்சுதும்மா.”

நான் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன்.

“நீ சொன்ன மாதிரிதான் கேட்டேன். கேன்டீன்ல தனியா உக்கார வெச்சி. வேல போவாம பாத்துக்கறேன்னு மொதல்ல சொன்னேன். அப்பறம் எழுந்து வந்து, ஸ்டோர்ல அடுக்கி வெச்சிருந்ததுல ஒரு கட்ட அவளே இழுத்துக் குடுத்தா. பன்னெண்டு ஜோடியையும் பிளேடு போட்டுப் பிரிச்சோம்.”

“கீழ வுழலியா?” என்று கேட்டேன்.

“கீழயா? இல்லம்மா. லைனிங்ல இருந்துது. கட்டவெரல் படற எடத்துல. பாதி குத்தினு உள்பக்கம் நீட்டினு இருந்துது.”

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பிடிமானம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. நித்யா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

“அந்தப் பொண்ண இன்னா பண்ணாங்க?”

“நாளைக்கு விசாரணை. நான் அவளுக்காகத்தான் பேசுவேன். சொல்லிட்டேன் இல்ல? ஆனா இன்னா பண்ணுவாங்கன்னு தெரியல.” டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். “உன்னுது எத்தனாவது கட்டும்மா?”

“ஏழாவது.”

“தெரிஞ்சேதான் வுட்டியா?”

“தெரிஞ்சேதான்.”

“ஏம்மா?”

“நீ வயித்துல இருந்தே. மூணு மாசம். தெரிஞ்சா வேலைய வுட்டு அனுப்பிடுவாங்கன்னு பயம்.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. தரம் பார்க்கிறவள் பார்க்கிற மாதிரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரல் விட்டு ஏதோ எண்ணினாள்.

“நடக்கப் பழகற கொழந்தைங்க போட்றது இல்ல? அப்ப அந்தக் கொழந்தைக்கு இப்போ என்னவிட ஒரு வயசு ஜாஸ்தி இருக்கும்,” என்றாள்.